ரசீதில் 0, கணக்கில் 6: மாறிலியின் நகல் யார் கையில் இருக்கிறது?

2018 மே 31, வியாழக்கிழமை இரவு. நோன்பு மாதம் என்பதால் இந்திய முஸ்லிம் உணவகங்களான மாமாக் கடைகளில் நள்ளிரவிலும் கூட்டம். மலேசியாவில், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைக்குப் பின்னால் இருந்த எங்கள் மாடி அலுவலகத்தில் நாலு பேர் விழித்திருந்தோம். கடைகளின் கல்லாவில் ரசீது அடிக்கும் மென்பொருள் எங்களுடையது. மணி பன்னிரண்டு ஆனதும் பொருள் சேவை வரி, எல்லோரும் சொல்கிற பெயரில் ஜிஎஸ்டி, 6 விழுக்காட்டிலிருந்து 0 ஆக வேண்டும். தேர்தல் முடிந்து ஒரு வாரத்தில், மே 16 அன்று, நிதி அமைச்சு இதை அறிவித்தது. கையில் இருந்தது பதினைந்து நாள். வேலையோ ஓர் எண்ணை மாற்றுவதுதான். மாற்றினோம், சோதித்தோம், கடைகளுக்கு அனுப்பினோம்.

12.10க்குத் தொலைபேசி வந்தது. சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன். "தம்பி, ரசீதுல ஜிஎஸ்டி பூஜ்யம்னு அடிக்குது. ஆனா காசு பிடிக்குதேப்பா. இருபது வெள்ளி சாப்பாட்டுக்கு இருபத்தொன்னு இருபது வருது."

அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். சாப்பாடு 20.00 வெள்ளி, அதாவது ரிங்கிட். அடுத்த வரியில் ஜிஎஸ்டி 0%, அதற்கு நேரே 1.20. கீழே மொத்தம் 21.20. ஒரே வரியில், ஒரே தாளில், இரண்டு வேறு உண்மைகள். அலுவலகக் கணினியில் அதே மென்பொருளை ஓட்டினால் வரி 0.00 என்று ஒழுங்காக வந்தது.

சிக்கல் இங்கே இருந்தது. வரி விகிதம் ஒரு லைப்ரரிக்குள் (மற்றப் பகுதிகள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்), தனி ஜார் கோப்பில் (ஜாவா நிரலைப் பொதிந்து அனுப்பும் கோப்பு) இருந்தது. ரசீதைக் கணக்கிடும் பகுதி வேறொரு ஜார் கோப்பு. மாற்றம் லைப்ரரியில் மட்டும்தானே என்று அந்த ஒரு ஜாரை மட்டும் கடைகளுக்கு அனுப்பியிருந்தோம். பல கடைகளில் இணைய வேகம் அப்போது அவ்வளவுதான். அலுவலகத்தில் சோதித்தபோதோ எல்லாவற்றையும் முதலிலிருந்து கம்பைல் செய்து, அதாவது எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றி, ஓட்டினோம். அதனால் எங்கள் கண்ணில் எதுவும் படவில்லை.

லைப்ரரியில் விகிதத்தை அறிவித்த வரி, ஜாவா எழுதும் எவரும் யோசிக்காமல் எழுதும் வரிதான்: பப்ளிக், ஸ்டேட்டிக், ஃபைனல், இன்ட், ஒரு பெயர், சமக்குறி, 6. ரசீதுப் பகுதி அந்தப் பெயரைச் சொல்லி விகிதத்தைக் கேட்கிறது. ஓடும்போது லைப்ரரியிடம் போய் மதிப்பை வாங்கி வரும் என்றுதான் படிக்கிற யாரும் நினைப்போம். அப்படி நடப்பதில்லை.

ஜாவாவோடு கூடவே வரும் ஜாவாபி என்ற கருவி, கம்பைல் ஆன நிரல் இருக்கும் கிளாஸ் கோப்பைப் பிரித்து உள்ளே இருப்பதைக் காட்டும். அன்றிரவு கடையில் ஓடிக்கொண்டிருந்த ரசீதுப் பகுதியை அதில் போட்டுப் பார்த்தோம். வரியைக் கணக்கிடும் இடத்தில் லைப்ரரியின் பெயரே இல்லை. "பைபுஷ் 6" என்று ஒரு கட்டளை: 6 என்ற எண்ணை அடுக்கில் வை. அடுத்தது பெருக்கு. அப்புறம் 100ஐ வை, வகு. 2000 சென் (20 வெள்ளி) பெருக்கல் 6, வகுத்தல் 100, விடை 120 சென். அந்த 6 லைப்ரரியிலிருந்து வந்ததுதான்; ஆனால் எப்போதோ, அந்தப் பகுதி கடைசியாகக் கம்பைல் ஆன நாளில் வந்தது. அன்றைக்கு எடுத்த நகல் அது. லைப்ரரி மாறியது அதற்குத் தெரியாது.

"ஜிஎஸ்டி 0%" என்ற வாசகம் மட்டும் எப்படிச் சரியாக வந்தது? அந்த வாசகத்தை லைப்ரரியில் இருந்த ஒரு மெத்தட், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு சிறு நிரல், தயாரித்துக் கொடுத்தது. மெத்தடைக் கூப்பிட்டால் ஓடும்போது உண்மையாகவே அங்கே போய்த்தான் ஆக வேண்டும். போனது, புது லைப்ரரியைப் பார்த்தது, 0 என்றது. ரசீதின் இடப்பக்கம் அன்றைய உண்மை, வலப்பக்கம் பழைய நகல்.

எல்லாப் பகுதியையும் புதிதாகக் கம்பைல் செய்து எல்லாக் கடைகளுக்கும் அனுப்பி முடித்தபோது மணி இரண்டரை. அந்த அண்ணன் அதுவரை ஒவ்வொரு ரசீதிலும் 1.20ஐப் பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். வாடிக்கையாளர் ஒருவரிடமும் அவர் கூடுதலாக ஒரு சென் வாங்கவில்லை.

கம்பைல் செய்யும் கருவியான கம்பைலர் இதில் ஒரு தவறும் செய்யவில்லை. ஜாவா மொழியின் விவரக்குறிப்பு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஃபைனல் என்று அறிவித்து, இன்ட் போன்ற அடிப்படை வகையிலோ எழுத்துச் சரமாகவோ இருந்து, கம்பைல் செய்யும்போதே மதிப்பு தெரிந்துவிடும் கோவையை அதற்குக் கொடுத்திருந்தால், அது மாறிலி. மாறிலியை யார் பயன்படுத்தினாலும் அவர்களின் கிளாஸ் கோப்புக்குள் மதிப்பே எழுதப்படும், பெயர் எழுதப்படாது. பைனரி ஒத்திசைவைப் பற்றிய, அதாவது தனித்தனியாகக் கம்பைல் ஆன பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பற்றிய 13ஆம் அத்தியாயம் இதன் விளைவையும் எச்சரிக்கிறது: உண்மையிலேயே மாற வாய்ப்பில்லாதவற்றை மட்டும் இப்படி அறிவியுங்கள், மற்றவற்றை ஒரு மெத்தட் வழியாகக் கொடுங்கள் என்கிறது. எங்களில் யாரும் அந்தப் பக்கத்தை அதுவரை படித்ததில்லை.

சி ஷார்ப் மொழியிலும் இதே கதை. கான்ஸ்ட் என்று அறிவித்தால் மதிப்பு பயன்படுத்துவோரின் அசெம்பிளிக்குள் (கம்பைல் ஆன கோப்புக்குள்) போய் உட்கார்ந்துவிடும். ஸ்டேட்டிக் ரீட்ஒன்லி என்று அறிவித்தால் ஓடும்போது தேடிப்போய் வாங்கும். எழுதும்போது இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சொல். சி மொழியில், பல கோப்புகள் பகிரும் ஹெடர் கோப்பில் டிஃபைன் போட்டுப் பெயர் சூட்டிய எண்ணும் அப்படியே: எந்தெந்த ஆப்ஜெக்ட் கோப்பு (கம்பைல் ஆன கோப்பு) எந்த ஹெடரை நம்பியிருக்கிறது என்பதை, எதை மீண்டும் கம்பைல் செய்வது என்று தீர்மானிக்கும் மேக் கோப்புக்குச் சொல்லாமல் விட்டால், ஹெடர் மாறியும் பழைய எண்ணோடு பழைய ஆப்ஜெக்ட் கோப்பு அப்படியே சேர்க்கப்படும்.

இதை ஏன் இப்படி வைத்தார்கள் என்றால், காரணம் நியாயமானது. ஒரு மதிப்பைப் பல வாய்ப்புகளோடு ஒப்பிடும் ஸ்விட்ச் கட்டளையில், ஒவ்வொரு வாய்ப்பையும் கேஸ் என்று எழுதும் இடத்தில் மதிப்பு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கேஸ் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்க முடியாது. சி மொழியில் நிலையான அளவுள்ள வரிசைக்கு எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதும் அப்படித்தான். 60 பெருக்கல் 60 பெருக்கல் 24 என்று படிக்க எளிதாக எழுதிவிட்டு, 86400 என்ற ஒரே எண்ணாக ஓடவைக்கலாம். இதையெல்லாம் விட்டுவிடச் சொல்ல யாருக்கும் மனம் வராது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1.20ஐவிட எனக்கு அதிகக் கலக்கம் தந்தது அதுதான். ஜூன் முதல் வாரத்தில், 0 வைத்துக் கம்பைல் செய்த கிளாஸ் கோப்பை ஆறஅமரத் திறந்து பார்த்தேன். சோர்ஸில், அதாவது நாங்கள் எழுதிய மூல நிரலில், விகிதம் 0ஐவிடக் கூடுதலாக இருந்தால் வரியைக் கணக்கிட்டு மொத்தத்தில் சேர் என்று ஒரு பகுதி இருந்தது. கிளாஸ் கோப்பில் அந்தப் பகுதியே இல்லை. 0 என்பது 0ஐவிடக் கூடுதலா என்ற கேள்விக்கு விடை கம்பைலருக்கே தெரியும். ஒருபோதும் நடக்காத வேலைக்கு எதற்குக் கட்டளை என்று அது எழுதவே இல்லை. செப்டம்பர் 1 அன்று விற்பனை வரியும் சேவை வரியும் திரும்ப வந்தன. சேவை வரி 6 விழுக்காடு. அன்றைக்கு நாங்கள் மறுபடியும் லைப்ரரியை மட்டும் மாற்றியிருந்தால், தவறான எண்ணால் பெருக்குவதற்குக்கூட அங்கே கட்டளை இருந்திருக்காது. வரி சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். கூடுதலாகக் காசு பிடித்தால் கடைக்காரர் தொலைபேசி எடுப்பார். பிடிக்காமல் விட்டால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. வரிக் கணக்கு ஒப்படைக்கும் நாளில்தான் தெரியும்.

மாறாதது என்று நாம் நம்பும் எண்களைப் பற்றி இந்த நாட்டில் வாழ்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998 செப்டம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று கட்டிவைத்தார்கள். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் அது அசையவில்லை. அந்த ஏழு ஆண்டில் நிரல் எழுதக் கற்றவர்களுக்கு 3.80 என்பது பை மதிப்பு மாதிரி. 2005 ஜூலை 21 அன்று கட்டு அவிழ்ந்தது. அதற்கும் முன்னால், 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரமே அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. கிரீன்விச்சிலிருந்து ஏழரை மணி நேர வேறுபாடு எட்டு மணி ஆனது. 1980இல் பிறந்த ஒருவரின் பிறந்த நேரத்தை ஜாதகக் கணக்கில் போடும்போது 8 என்ற மாறிலியைப் பயன்படுத்தினால் லக்கினமே மாறிப்போகலாம். 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கக் கணக்கை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிக்கட்டுகிறோம். அதுவரை கல்லாவில் ஆகச் சிறிய காசு 1 சென்.

தமிழில் வேரியபிளை மாறி என்றும் கான்ஸ்டன்ட்டை மாறிலி என்றும் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். மாறிலி என்ற சொல்லை நான் விரும்புகிறேன். ஆனால் அதைக் கேட்டதும் மதிப்பு மாறாது என்றுதான் மனத்தில் பதிகிறது. நிரலில் அதன் பொருள் அதைவிடச் சிறியது: இந்தக் கம்பைலர், இன்றைக்கு, இந்த மதிப்பை நகலெடுத்துக்கொண்டது. ஆகவே கேட்க வேண்டியவை இரண்டு. நகல் யார் யாரிடம் போயிருக்கிறது? நகலெடுத்தது எந்தக் கம்பைலர்? முதல் கேள்வியை அந்த ஜூன் இரவு கற்றுக்கொடுத்தது. இரண்டாவதைக் கற்றுக்கொடுத்தது தமிழ் எழுத்து.

ரசீதின் பத்தி (நெடுவரிசை) தலைப்புகளைத் தமிழிலும் அடிக்க வேண்டும் என்று சில கடைகள் கேட்டன. வரி, மீதி, தொகை. மூன்று சொல்லையும் மூன்று மாறிலிகளாக ஒரு சோர்ஸ் கோப்பில் எழுதி, எழுத்துகளை எண்களாக்கும் யூடிஎஃப் 8 குறிமுறையில் சேமித்தோம். நிரலைக் கம்பைல் செய்யும் எங்கள் பில்ட் சர்வரில் லினக்ஸ். அங்கே கம்பைல் செய்தால் எல்லாம் சரி. ஒரு நாள் அவசரத்துக்குச் சக ஊழியர் ஒருவர் தன் விண்டோஸ் மடிக்கணினியில் கம்பைல் செய்து அனுப்பினார். கடையில் "வரி" என்ற இடத்தில் தலையில் கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறி மாறி வந்தன. தமிழ் மின்னஞ்சல்கள் உடைந்து வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோலம் மறக்காது.

அந்தக் கோலம் எங்கிருந்து வருகிறது என்றால், த என்ற எழுத்து யூடிஎஃப் 8இல் மூன்று பைட்: 224, 174, 164. எல்லாத் தமிழ் எழுத்தும் 224இல்தான் தொடங்கும். அடுத்த பைட் 174 அல்லது 175. விண்டோஸ் 1252 என்ற பழைய மேற்கத்திய அட்டவணையில் 224 என்பது கோடு போட்ட ஏ, 174 என்பது வட்ட ஆர். ஜாவா கம்பைலர், வேறு சொல்லாவிட்டால், சோர்ஸ் கோப்பை அந்தக் கணினியின் இயல்பான குறிமுறையில் படித்து வந்தது. மடிக்கணினியின் இயல்பு 1252. ஆக, த என்ற ஓர் எழுத்தை அது மூன்று மேற்கத்திய எழுத்துகளாகப் படித்து, அந்த மூன்றையும் மாறிலியாகக் கிளாஸ் கோப்பில் எழுதிவிட்டது. உடைந்தது அச்சிடும்போது அல்ல, கம்பைல் செய்த நொடியில். கடைக் கணினியில் என்ன அமைப்பை மாற்றினாலும் இனி சரியாகாது. மாறிலிக்குள்ளேயே குப்பை இருக்கிறது.

கம்பைலர் ஏன் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை என்று தேடியபோது கிடைத்த விடை என்னை வியக்கவைத்தது. 1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. அந்த எண் வந்தால், இப்படி ஓர் எழுத்தே இல்லை என்று கம்பைலர் முறையிடும். தமிழில் புள்ளியின் மூன்றாவது பைட் 141. உகரக் குறியின் மூன்றாவது பைட் 129. ஏ எழுத்துக்கு 143, ஐ எழுத்துக்கு 144. அதாவது நன்றி, மொத்தம், வருக, ஐந்து போன்ற சொற்கள் இருந்திருந்தால் மாட்டியிருக்கும். வரி, மீதி, தொகை மூன்றிலும் புள்ளியும் இல்லை, உகரக் குறியும் இல்லை. மூன்றும் சத்தமில்லாமல் கடந்துபோய்விட்டன. அன்றிலிருந்து நான் எழுதும் ஒவ்வொரு சோதனைக் கோப்பிலும் மெய்யெழுத்துள்ள ஒரு சொல்லாவது இருக்கும்.

இதில் கம்பைலர் பதிப்பு எங்கே வருகிறது? 2022 மார்ச்சில் வந்த ஜேடிகே 18 (கம்பைலர் அடங்கிய ஜாவா கருவித் தொகுப்பின் 18ஆம் பதிப்பு), இயல்பான குறிமுறை எங்கும் யூடிஎஃப் 8தான் என்று மாற்றியது. அதே மடிக்கணினி, அதே சோர்ஸ், ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஜேடிகே 17இல் கம்பைல் செய்தால் குப்பை, 18இல் செய்தால் தமிழ். நமக்கு நல்ல மாற்றம்தான். ஆனால் திருப்பிப் போட்டும் பாருங்கள். யூனிகோடு வருவதற்கு முன் இந்த ஊரில் தமிழ்க் கணினி வேலை நிறைய நடந்திருக்கிறது. தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சல் தந்த முத்து நெடுமாறன் மலேசியர். அந்தக் காலத்து டிஸ்கி போன்ற எட்டு பிட் குறிமுறைகளில் எழுதிய சரங்கள் எங்காவது பழைய சோர்ஸ் கோப்புகளுக்குள் உறங்கிக்கொண்டிருந்தால், ஜேடிகே 18க்கு அவை செல்லாத பைட்டுகள். நேற்று வரை கம்பைல் ஆன கோப்பு இன்றைக்கு நின்றுவிடும். கம்பைலரிடம் எந்தக் குறிமுறை என்று என்கோடிங் கட்டளையால் சொல்லிவிட்டால், பதிப்பு எதுவானாலும் பொருட்டில்லை. எங்கள் பில்ட் கோப்பில் அந்த ஒரு வரி ஆரம்பத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

சி பிளஸ் பிளஸில் இதற்கு ஒரு தம்பி உண்டு. சரத்துக்கு முன்னால் யு8 என்று போட்டு "தமிழ்" என்று எழுதினால் அது யூடிஎஃப் 8 மாறிலி. 15 பைட், முடிவில் வரும் சுழியோடு 16. சி பிளஸ் பிளஸ் 17 பதிப்பு வரை அதன் வகை, எழுத்துக்கான சாதாரண சார். 20இல் அதற்கென்று சார்8_டி என்ற தனி வகை வந்தது. பைட்டுகள் அதே பைட்டுகள்தான். ஆனால் சார் சுட்டியில் அதை வைத்திருந்த நிரல்கள் 20க்கு மாறியதும் கம்பைல் ஆகவில்லை. ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவர்களுக்கு யு8 தேவைப்படுவதே இல்லை. அடி விழுந்தது பிற மொழிக்காரர்களுக்கு. இதை நான் ஒரு குறையாகவே பதிவுசெய்கிறேன்.

கம்பைல் நேரத்திலேயே எவ்வளவு கணக்குப் போடலாம் என்ற எல்லையும் பதிப்புக்குப் பதிப்பு நகர்கிறது. கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் என்ற சொல் சி பிளஸ் பிளஸ் 11இல் வந்தபோது அப்படி அறிவித்த ஃபங்ஷனுக்குள் (ஜாவாவின் மெத்தட் போன்றது) ஒற்றை ரிட்டர்ன் கோவைக்குத்தான் இடம். 14இல் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எழுதலாம் என்றார்கள். 20இல் வெக்டரும் சரமும் உள்ளே வந்தன. சொல் அதுவே, பொருள் வளர்ந்துகொண்டே போகிறது. வளரும்போது ஒரு பழைய பொருள் உதிர்ந்தும் போனது: 11இல் கிளாஸுக்குள் இருக்கும் கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் ஃபங்ஷன் தானாகவே கான்ஸ்ட் ஆகவும் இருந்தது, 14இல் அப்படி இல்லை. சி மொழிக்குக் கான்ஸ்ட்எக்ஸ்பிஆர் கிடைத்தது சி23இல்தான், அதுவும் மதிப்புகளுக்கு மட்டும்.

புள்ளி வைத்த எண்களில் இது இன்னும் நுணுக்கமாகிறது. கோ மொழியில் 0.1ஐயும் 0.2ஐயும் மாறிலிகளாகக் கூட்டினால் 0.3 வரும். அதே இரண்டையும் மாறிகளில் வைத்துக் கூட்டினால் 0.30000000000000004. காரணம், கோ கம்பைலர் மாறிலிகளை மிக அதிகத் துல்லியத்தோடு கணக்கிட்டு, கடைசியில் மட்டும் 64 பிட்டுக்குச் சுருக்குகிறது. மாறிகளோ ஒவ்வொரு படியிலும் 64 பிட்டுக்குள் நெருக்கப்படுகின்றன. ஒரே கணக்கு, செய்த நேரம் வேறு, விடை வேறு. சி மொழியில், 2008இல் வந்த, ஜிசிசி என்ற கம்பைலரின் 4.3 பதிப்பு முதல், சைன் போன்ற ஃபங்ஷனுக்கு மாறிலியைக் கொடுத்தால் கம்பைலரே எம்பிஎஃப்ஆர் என்ற துல்லியக் கணித லைப்ரரியைக் கொண்டு விடையை எழுதிவிடுகிறது. அதே சைனை ஓடும்போது கேட்டால் அந்தக் கணினியின் கணித லைப்ரரி சொல்லும். கடைசி பிட்டில் இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று எந்த உறுதியும் இல்லை.

பினாங்கில், பாயான் லெப்பாஸில், கருவிகளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் எழுதும் நண்பர் ஒருவர் இதை வேறு கோணத்தில் சந்திக்கிறார். 1972இல் தொடங்கிய அந்தத் தடையற்ற வணிக வளாகத்தில், ஒரு பொருள் சந்தையில் இருக்கும் வரை அதன் கம்பைலரையும் பெட்டியில் வைத்துப் பூட்டியது போல் காப்பாற்றும் இடங்கள் உண்டு. அவர் ஒருமுறை அதே சோர்ஸை அதே ஜிசிசியில் இரண்டு நாள் இரண்டு முறை கம்பைல் செய்தார். கோப்புகளின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை. தேடினால், பதிப்பு விவரத்தைக் காட்டும் இடத்தில் கம்பைல் செய்த தேதியை நிரப்பும் மேக்ரோவை யாரோ போட்டிருக்கிறார்கள். அதுவும் ஒரு கம்பைல் நேர மாறிலிதான். கடிகாரத்தைப் பார்த்து மதிப்பு எடுக்கிறது, அவ்வளவுதான். ஜிசிசி 7 முதல் சோர்ஸ் டேட் ஈபாக் என்ற சூழல் மாறியில் ஒரு நேரத்தைக் கொடுத்தால் அந்த மேக்ரோ அதையே எடுத்துக்கொள்ளும். ஒரே சோர்ஸ் எப்போதும் ஒரே கோப்பைத் தர வேண்டும் என்று லினக்ஸ் தொகுப்பான டெபியன் போன்ற திட்டங்கள் பல ஆண்டாக உழைத்ததன் பலன் அது.

எண்ணும் சரமும் மட்டும்தான் நகலாகின்றன என்றும் நினைத்துவிட வேண்டாம். ஜாவாவில் பைட்பஃபர் என்ற கிளாஸின் ஃபிளிப் மெத்தட், ஜாவா 8 வரை தன் தாய் கிளாஸான பஃபரைத் திருப்பித் தந்தது. 9இல் பைட்பஃபரையே தரும்படி மாற்றினார்கள். ஜேடிகே 9இல் சோர்ஸ் 8, டார்கெட் 8 என்று சொல்லிக் கம்பைல் செய்தவர்கள், ஜாவா 8இல் ஓடும் என்று நம்பினார்கள். ஓடவில்லை, அப்படி ஒரு மெத்தட் இல்லை என்று விழுந்தது. எந்த மெத்தடை, எந்தத் திரும்பும் வகையோடு கூப்பிடுவது என்பதையும் கம்பைலர் தன் கையிலிருந்த லைப்ரரியைப் பார்த்து அன்றே நகலெடுத்து எழுதிவிடுகிறது. மொழியின் பதிப்பை மட்டும் குறைத்துச் சொன்னால் போதாது. அதே ஜேடிகே 9இல் வந்த ரிலீஸ் 8 என்ற கட்டளை, எந்தக் காலத்து லைப்ரரியைப் பார்ப்பது என்பதையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது.

மொழிகளை வடிவமைப்பவர்கள் இதை உணராமல் இல்லை. ரஸ்ட் மொழியில் கம்பைலரின் பதிப்பு வேறு, மொழி விதிகளின் எடிஷன் வேறு. 2015, 2018, 2021, 2024 என்று நிரல் தன் எடிஷனைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது, புதிய கம்பைலரும் அதை மதிக்கிறது. கோ 1.22இல் லூப் மாறியின் பொருளையே மாற்றினார்கள். ஆனால் நிரலோடு வரும் கோ மாட் கோப்பில் 1.22 அல்லது அதற்கு மேல் என்று எழுதிய நிரல்களுக்கு மட்டும். நிரல் எந்தக் காலத்து விதியில் எழுதப்பட்டது என்பது நிரலோடு கூடவே பயணம் செய்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த ஏற்பாடு.

எங்கள் ரசீது மென்பொருளுக்குத் திரும்பி வருகிறேன். விகிதத்தை இன்டீஜர் வேல்யூஆஃப் என்ற மெத்தடுக்குள் போட்டு எழுதினால் அது மாறிலி ஆகாது, நகலும் எடுக்கப்படாது. முதல் வாரத்தில் அதைத்தான் செய்தோம். ஆனால் அது போதாது என்று சீக்கிரமே தெரிந்தது. மே 30 அன்று சாப்பிட்டவர் ஜூன் 5 அன்று வந்து ரசீதின் நகல் கேட்டால் 6 விழுக்காட்டோடுதான் கொடுக்க வேண்டும். புதிய எண் பழைய எண்ணை அழிப்பதில்லை; இரண்டும் அதனதன் தேதியில் உண்மை. ஆகவே விகிதத்தை நிரலிலிருந்தே எடுத்துவிட்டு ஓர் அட்டவணைக்குக் கொண்டுபோனோம்: எந்த நாள் முதல், எந்த நாள் வரை, எவ்வளவு. ரசீதின் தேதியைக் கொடுத்தால் விகிதம் வரும். அந்தந்த ரசீதை அடித்த மென்பொருள் எந்த ஜேடிகேயில் கம்பைல் ஆனது என்பதையும் பதிவேட்டில் ஒரு பத்தியாக எழுதி வைக்கிறோம். நிரலில் மாறிலியாக மிஞ்சியது 100 மட்டும், விழுக்காட்டின் நூறு.

2024 மார்ச் 1 அன்று சேவை வரி 8 ஆனது. இம்முறை கம்பைலரை யாரும் தொடவில்லை. அட்டவணையில் ஒரு பதிவு சேர்த்தால் போதும் என்றிருந்தோம். அறிவிப்பை முழுதாகப் படித்தபோதுதான், உணவு, பானம், தொலைத்தொடர்பு, வாகன நிறுத்தம், தளவாடச் சேவை ஆகியவற்றுக்கு 8 அல்ல, 6தான் என்று தெரிந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு சிறு ஹோட்டலும் உண்டு. அங்கே ஒரே ரசீதில் அறைக்கு 8, கீழே சாப்பிட்ட தோசைக்கு 6. வரி விகிதம் என்ற ஒற்றைப் பெயருக்கு அன்று முதல் இரண்டு மதிப்பு. அட்டவணையில் சேவை வகை என்று இன்னொரு பத்தியைச் சேர்த்தோம். பழைய பதிவுகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பத்தியை நிரப்ப ஒரு பிற்பகல் பிடித்தது.